மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் செங்கற்பட்டுச் சீமையும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இங்கிலாந்து நாட்டு மன்னர் ஒருவரின் வாழ்க்கை இடம்பெறுவது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் மக்களுக்காக உழைத்த பெரியோர் பலர் இருக்க, கடல் கடந்த நாட்டின் முடிமன்னரைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் இந்தச் செங்கற்பட்டுச் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காலத்தில்தான். ஏரிப் பாசனமும் நெற்களமும், மிராசும் படியாளும் அயலார் கணக்கேட்டில் ஏறியதும் அவர் காலத்தில்தான். நம் முன்னோருள் எவரும் அவரைக் கண்டவரல்லர். அவரும் நம்மை அறிந்தவரல்லர். எனினும் அவர் அரியணையில் இருந்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம் சேரிகளின் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன.

மற்றொரு காரணமும் உண்டு. தம் நாட்டின் ஏழைப் பிள்ளைகள் அனைவரும் எழுத்தறிவு பெறவேண்டும் என விரும்பிய மன்னர் என்ற புகழ் இவருக்கு உண்டு. கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நாம், அவ்விருப்பம் எதுவரை எட்டியது, எங்கே நின்றது என்று அறிந்துகொள்ளுதல் நலம்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் 1738-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் ஜெர்மனி நாட்டு ஹனோவரிலிருந்து வந்து இங்கிலாந்தின் அரியணை ஏறியவர்கள். கொள்ளுப்பாட்டனாரான முதலாம் ஜார்ஜும், பாட்டனாரான இரண்டாம் ஜார்ஜும் ஜெர்மன் மண்ணில் பிறந்தவர்கள். இங்கிலாந்திலேயே பிறந்து ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதல் ஹனோவர் மன்னர் இவரே. தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஹனோவருக்கு அவர் சென்றதில்லை.

1751-ஆம் ஆண்டு தந்தை பிரெடெரிக் இளவரசர் காலமானார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பட்டத்துக்கு உரியவன் ஆனான். எட்டு வயதிலேயே ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் கடிதம் எழுதப் பழகிய அப்பிள்ளைக்கு வரலாறு, கணிதம், வானியல், பௌதிகம், வேளாண்மை ஆகியன கற்பிக்கப்பட்டன. அறிவியலை முறையாகக் கற்ற முதல் ஆங்கில மன்னர் அவர் என்பர்.

இளவரசராய் இருந்த அந்நாளில் அவர் எழுதிய கட்டுரைத் தாள்கள் விண்ட்சர் அரண்மனைச் சுவடிகளில் கிடந்தன. அவை அண்மை ஆண்டுகளில் பலரும் படிக்குமாறு வெளிவந்துள்ளன. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூவின் சட்ட நூலைப் படித்து அவர் எழுதிய குறிப்புகள் அவற்றுள் உள்ளன. மனிதரை மனிதர் அடிமைகொள்வதற்குச் சொல்லப்படும் நியாயங்களை அவர் அங்கே ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். தோலின் நிறத்தைக் காட்டி ஒருவரை அடிமையாக்குதல் அறிவுக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிடுகிறார். இருபது வயதை ஒட்டிய இளைஞரின் இந்தத் தெளிவை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவர் வாழ்க்கையை அளப்பதற்கு நமக்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

முடியும் நம் சீமையும்

1760-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பாட்டனார் மறைய, இருபத்திரண்டு வயதில் ஜார்ஜ் மன்னரானார். மறு ஆண்டு செப்டம்பர் 8-இல் ஷார்லெட் என்னும் ஜெர்மன் இளவரசியை மணந்தார். அம்மாதம் 22-ஆம் நாள் முடிசூட்டு விழா நடந்தது. அரசர்கள் பலரைப் போலன்றி ஒரே மனைவியோடு ஒழுக்கமாக வாழ்ந்தவர். ஒன்பது ஆண்களும் ஆறு பெண்களுமாகப் பதினைந்து மக்களைப் பெற்றவர். ஆடம்பரம் அவருக்குப் பிடித்ததன்று. உழவுத் தொழிலில் பெருவிருப்பம் கொண்டு, புனைபெயரில் வேளாண்மை இதழுக்கு எழுதினார். ஆகவே மக்கள் அவரைக் குடியானவர் ஜார்ஜ் என்று அன்போடும் சிறிது கேலியோடும் அழைத்தனர்.

அவர் முடியேறிய அதே 1760-இல் நம் பகுதியில் நிகழ்ந்தவை யாவை? ஜனவரி 22-இல் வந்தவாசிப் போரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையும் அவ்வாண்டிலேயே அவர்கள் கையில் வீழ்ந்தது. அதன் சிதைந்த மதில்களைக் கடற்கரை மணலில் இன்றும் காணலாம். 1763-இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி, போரில் தமக்குத் துணைநின்ற கிழக்கிந்தியக் கும்பினிக்குச் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராக வழங்கினார். 1765-இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் இவ்வாறு கைமாறின. அவ்வூர்களில் உழுதவரை எவரும் கேட்கவில்லை.

1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் அதிகாரி இச்சீமையை அளந்து ஊர்தோறும் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தச் சாதியார் எத்தனை பேர், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு எத்தனை மரக்கால் என்பன அக்கணக்குகளில் உள்ளன. வெட்டியானுக்குரிய பங்கும் அங்கே எழுதப்பட்டுள்ளது. நம் மக்கள் ஏரிக்கு மடை திறந்தனர், எல்லை காட்டினர், பிணம் சுட்டனர், நாற்று நட்டு அறுத்தனர். நிலத்தின் காணியாட்சியோ மிராசுதாரரிடம் இருந்தது. உழுதவருள் பலர் அந்நிலத்தோடு கட்டுண்ட அடிமையாட்களாகவும் படியாட்களாகவும் இருந்தனர். நிலம் விற்கப்படும்போது ஆளும் சேர்த்து விற்கப்படும் வழக்கமும் இருந்தது. தோலின் நிறம் இங்கே காரணமன்று, பிறப்பே காரணம். இளவரசர் ஜார்ஜ் தள்ளிய நியாயத்தினும் இது எவ்வகையில் உயர்ந்தது?

தேயிலையும் போரும்

மன்னரின் ஆட்சியில் பெரும் இழப்பாகக் கருதப்படுவது அமெரிக்கா விடுதலை பெற்றதேயாகும். குடியேற்ற நாடுகளின்மேல் 1765-இல் முத்திரை வரி விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே மறு ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர்க் கடன்சுமையில் தவித்த கிழக்கிந்தியக் கும்பினியைக் காப்பாற்ற 1773-இல் தேயிலைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கும்பினியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. நம் சீமையில் வரி தண்டிய அதே கும்பினியின் சரக்கே அது. 1776-இல் பதின்மூன்று நாடுகளும் விடுதலையை அறிவித்தன. மன்னர் விட்டுக்கொடுக்க மறுத்தார். 1781-இல் யார்க்டவுன் நகரில் ஆங்கிலப் படை பணிந்தது. 1783-இல் பாரிசு உடன்படிக்கையின்படி அமெரிக்கா தனிநாடாயிற்று. மனம் உடைந்த மன்னர் முடிதுறக்கவும் எண்ணி, அதற்கான அறிவிப்பை எழுதியும் வைத்தார்; ஆனால் அதனை வெளியிடவில்லை.

அப்போரின் அலை நம் கடற்கரையையும் தாக்கியது. பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் அமெரிக்கர் பக்கம் நின்றதால், ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் 1781-இல் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17-ஆம் நாள் அவ்வூருக்கு எதிரே கடலில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் பொருதன. உள்நாட்டில் நிலைமை இதனினும் கொடியது. 1780-இல் ஐதர் அலியின் பெரும்படை கருநாடகத்துள் புகுந்தது. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சம் தொடர்ந்தது. போரில் வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் நூல்களில் உள்ளன. பஞ்சத்தில் மாண்ட படியாட்களின் பெயர் எந்நூலிலும் இல்லை.

போருக்குப் பின் கும்பினியின் இந்திய ஆட்சியைத் திருத்த வேண்டும் என்ற குரல் இலண்டனில் எழுந்தது. 1783-இல் பாக்சு என்னும் அமைச்சர் கொண்டுவந்த மசோதாவை மன்னர் விரும்பவில்லை. பிரபுக்கள் சபை உறுப்பினருக்குத் தம் கருத்தைச் சொல்லியனுப்பி அதனைத் தோற்கச் செய்தார், அமைச்சரவையையும் நீக்கினார். இருபத்து நான்கு வயது வில்லியம் பிட் முதலமைச்சரானார். 1784-இல் அவர் இயற்றிய இந்தியச் சட்டம் கும்பினியின்மேல் அரசின் கண்காணிப்பை ஏற்படுத்தியது. இந்தியாவை யார் ஆள்வது என்பதில் மன்னர் காட்டிய முனைப்பு இத்துணை. இந்தியாவில் அடிமைப்பட்டவர் யார் என்பதில் அத்தகைய முனைப்பு எதுவும் காணப்படவில்லை.

நம் சீமையில் 1794 முதல் 1798 வரை லயனல் பிளேஸ் என்பவர் கலெக்டராக இருந்தார். போரால் பாழான ஊர்களைச் சீர்செய்தவர் அவர். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்த கதையை, ஏரி காத்த இராமர் கோயிலோடு சேர்த்து அவர் பெயரால் இன்றும் சொல்வர். கரைக்கு மண் சுமந்தவரைப் பற்றி அக்கதை ஒன்றும் சொல்வதில்லை. 1802-இல் நிலையான ஜமீன் முறைப்படி ஜாகீர் மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டது. 1805-இல் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. கடற்கரை உப்பளத்தில் உழைத்தவர் தம் கஞ்சிக்குரிய உப்பையும் கும்பினி வைத்த விலைக்கே வாங்க நேர்ந்தது.

நோயும் மீட்சியும்

1788-ஆம் ஆண்டு இறுதியில் மன்னருக்குச் சித்தம் கலங்கியது. இடைவிடாது பேசினார்; உறக்கம் இழந்தார். மருத்துவர்கள் அவரை நாற்காலியில் கட்டினர். கைகளை அசைக்க முடியாத சட்டையை மாட்டினர். கொப்புளம் எழுப்பும் மருந்துகளைத் தடவினர். உலகின் பெரும் பேரரசுக்குத் தலைவர் தம் கையைத் தாமே அசைக்க உரிமையின்றிக் கிடந்தார். 1789 பிப்ரவரியில் தெளிவு பெற்றபோது நாடே விளக்கேற்றிக் கொண்டாடியது. நோயின் பெயர் யாது என்பதில் மருத்துவ அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

அறிவுத் துறைகளுக்கு அவர் செய்த நன்மையை நாம் மறைத்தல் ஆகாது. 1768-இல் ஓவியச் சிற்பக் கலைக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த ஹெர்ஷலுக்கு ஆண்டுக்கு இருநூறு பவுன் அளித்துப் போற்றினார். ஏறத்தாழ 65,000 நூல்களைத் தொகுத்தார். அந்நூலகத்தை அறிஞர்கள் வந்து பயன்படுத்த இசைந்தார். அவருக்குப் பின் அது பொதுச் சொத்தாயிற்று. புத்தகத்தின் அருமை அறிந்த மன்னர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

மணலில் பிறந்த கல்விமுறை

இனி நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறோம். 1789-இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒருநாள் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதமும் மையும் வேண்டாத அம்முறை அவரைக் கவர்ந்தது. தம் பள்ளி ஆசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கவே, மூத்த மாணவனைக் கொண்டே இளைய மாணவருக்குக் கற்பித்தார். நாம் சட்டாம்பிள்ளை என்று சொல்வோமே, அம்முறையே இது. இங்கிலாந்து திரும்பிய பெல் 1797-இல் இதனை நூலாக எழுதினார். அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஓர் ஆசிரியர் பல நூறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

1805-ஆம் ஆண்டு மன்னர் லங்காஸ்டரை அழைத்துப் பேசினார். தம் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் ஏழைப் பிள்ளை ஒவ்வொன்றும் விவிலியத்தைப் படிக்கும் அளவுக்கு எழுத்தறிவு பெறவேண்டும் என்ற தம் விருப்பத்தை அப்போது தெரிவித்தார். பள்ளிக்குப் பொருளும் அளித்தார். ஏழை படித்தால் அடங்கமாட்டான் என்று மேட்டுக்குடியினர் பலர் அஞ்சிய காலம் அது. மன்னரின் சொல் துணிவுள்ள சொல்லே.

ஆனால் அச்சொல் எவர் வரை சென்றது? இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர் நம் மண்ணிலிருந்து சென்ற முறையால் எழுதப் படித்தனர். அம்முறை தோன்றிய திண்ணையிலோ நம் சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளைச் சுற்றி மணல் இல்லாமற் போகவில்லை. மாமல்லபுரம் முதல் கோவளம் வரை மணலே. அதில் ஓர் எழுத்தை எழுதிக்காட்ட ஆசிரியர் ஒருவர் இல்லை.

1813-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கும்பினியின் உரிமையைப் புதுப்பித்துச் சட்டம் இயற்றியது. கும்பினி ஆளும் நிலங்கள் யாவும் ஆங்கில முடிக்கே உரியவை என்று அச்சட்டம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியது. இந்தியர் கல்விக்காக ஆண்டுக்கு ஓர் இலட்ச ரூபாய் ஒதுக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆக, செங்கற்பட்டுச் சேரிப் பிள்ளையும் சட்டப்படி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட ஏழைப் பிள்ளையே. ஆயினும் அப்பணம் பல ஆண்டுகள் முறையாகச் செலவிடப்படவேயில்லை. பிற்பாடு செலவானபோதும் சேரியின் பக்கம் அது எளிதில் திரும்பவில்லை.

அடிமை ஒழிப்பிலும் இதே நிலைதான். வில்பர்போர்சு முதலியோர் இருபது ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1807 மார்ச் 25-ஆம் நாள் அடிமை வாணிகத் தடைச் சட்டம் மன்னரின் ஒப்புதல் பெற்றது. அப்போராட்டத்தில் மன்னர் முன்னின்றாரல்லர். இளமையில் எழுதிய தாளைப் பெட்டியில் வைத்தவர், அதனைச் சட்டமாக்க வேண்டி வாதாடவில்லை. அச்சட்டமும் கப்பலேற்றி விற்பதையே தடுத்தது. களத்துமேட்டில் விற்பதைத் தடுக்கவில்லை.

பொன்விழாவும் இறுதியும்

1809 அக்டோபர் 25-ஆம் நாள், ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டு தொடங்கியதைப் பொன்விழாவாகக் கொண்டாடினர். விருந்துகள் நடந்தன; கடனுக்காகச் சிறையிலிருந்தோர் பலர் விடுவிக்கப்பட்டனர். மறு ஆண்டு அன்பு மகள் அமேலியா இறந்தாள். துயரத்தில் மன்னரின் சித்தம் மீண்டும் கலங்கியது, இம்முறை மீளவில்லை. 1811 பிப்ரவரி முதல் மூத்த மகன் அவர் பெயரால் ஆண்டார். விண்ட்சர் அரண்மனை அறைகளில், பார்வை இழந்து, செவித்திறனும் குன்றி, நரைத்த தாடியோடு மன்னர் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1818-இல் அரசியார் மறைந்தபோது அதனை உணரும் நிலையிலும் அவர் இல்லை. 1820 ஜனவரி 29-ஆம் நாள் எண்பத்தோராம் வயதில் உயிர் நீத்தார்.

ஐம்பத்தொன்பது ஆண்டுகளும் மூன்று மாதங்களும் அரியணையில் இருந்தவர் அவர். பின்னர் விக்டோரியா அரசியாரும் இரண்டாம் எலிசபெத் அரசியாரும் அதனினும் நீண்ட காலம் ஆண்டனர். ஆண் மன்னருள் இவரை விஞ்சியவர் இலர்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1819-இல், சென்னை வருவாய் வாரியம் தமிழ் மாவட்டங்களில் வேளாண் அடிமைகளின் நிலை குறித்து அறிக்கை கேட்டது. அறிக்கைகள் வந்தன, விடுதலை வரவில்லை. 1833-இல் இங்கிலாந்து தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோதும் கும்பினியின் நிலங்கள் விலக்கப்பட்டன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. அதற்குப் பின்னும் 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் அவலத்தை விரிவாக எழுதும் நிலையே இருந்தது. அதன் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடும் நிலம் அதுவே.

நாம் கொள்ளும் பாடம்

மூன்றாம் ஜார்ஜைக் கொடியவர் என்று நாம் தூற்றவில்லை. நல்ல தந்தை, எளிய வாழ்வினர், புத்தகத்தை மதித்தவர், ஏழை படிக்கட்டும் என்று வாய்திறந்து சொன்னவர். அடிமைத்தனம் தவறென்று இளமையிலேயே உணர்ந்தவர். இத்தனை நற்குணமும் அறுபது ஆண்டு அரியணையும் ஒருங்கே இருந்தும், நம் சேரிக்கு ஒரு பள்ளிக்கூடம் வரவில்லை. மேலே இருப்போரின் நல்லெண்ணம் தானாக வடிந்து கடைமடைக்கு வந்து சேராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கடைமடைக்கு நீர் வேண்டுமாயின் கடைமடையில் இருப்பவனே மண்வெட்டியோடு மேலே செல்ல வேண்டும்.

அவ்வாறு சென்றவர்களை நாம் அறிவோம். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றார். அங்கே மூன்றாம் ஜார்ஜின் எள்ளுப்பேரரான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவினார் என்றும், தாத்தா அதனை விளக்கினார் என்றும், மன்னர் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார் என்றும் நம் பெரியோர் சொல்லிவருவர். தாத்தாவின் பெருமைக்காக இந்நிகழ்ச்சியைச் சொல்லி மகிழ்கிறோம். அதே நேரத்தில் ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வரச குடும்பத்தின் ஆட்சிக்குச் செங்கற்பட்டு உட்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும், தீண்டாமை யாதென மன்னர் கேட்டறிய வேண்டியிருந்தது. சொல்வதற்குக் கல்வி கற்ற ஒருவர் நம்மிலிருந்து செல்லும் வரை, சொல்வார் இல்லை.

ஆதலின் கல்விக் கழகம் நடத்துவது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. பட்டம் பெறுவதும் வேலை பெறுவதும் வேண்டுவனவே. அவற்றோடு, நம் நிலையை நாமே எழுதவும், கேட்க வேண்டிய இடத்தில் நாமே கேட்கவும் வல்ல பிள்ளைகளை உருவாக்குவதே இக்கல்வியின் பயன். ஒரு மன்னரின் அறுபது ஆண்டுகளில் நடவாதது, சேரியில் ஓர் ஆசிரியரும் பத்துப் பிள்ளைகளும் கூடிய இடத்தில் நடந்தது. இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நாம், இனிவரும் ஆண்டுகளிலும் அப்பணியை அயராது ஆற்றுவோமாக.